கை தூக்கினால் என்ன அர்த்தம்

ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியில் நிற்கும்போது என் மூச்சு எனக்கே கேட்கிறது. வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருக்கும். வண்டியை அணைத்துவிட்டு நிற்பேன். பஸ்ஸின் உறுமல், பூக்காரம்மாவின் கூவல், பின்னால் நிற்பவனின் ஹாரன், எல்லாம் எங்கோ பக்கத்து ஊருக்குப் போய்விடும். உஸ்… உஸ்… என்று ஏதோ ஒரு மிருகம் காதருகே படுத்திருப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அந்த மிருகம் நான்தான். முன்கண்ணாடியில் மெல்லிய பனி படியும். படிந்த அந்த நொடியே கண்ணாடியைத் தூக்கிவிடுவேன். எவ்வளவு தூசி அடித்தாலும் தூக்கிவிடுவேன்.

போன வாரம் நீங்கள் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். பாகூர் பக்கம் ஒரு செவ்வாய்க் கிரகப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் முகங்களில் இருந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்றீர்கள். நான் காபியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசி அனுப்பிவிட்டேன். பேசினால் வாய் பொய் சொல்லும். எழுதினால் கொஞ்சம் கூச்சப்படும். அதனால் எழுதுகிறேன்.

நான் எடுத்தது மூன்று படங்கள். மூன்றும் இந்த மண்ணிலிருந்து வெளியே போகப் பார்த்த படங்கள். திரைக்கதையும் நானே, இயக்கமும் நானே. ஐம்பத்திரண்டு வயதில் நிறுத்திவிட்டேன். லென்ஸ் பற்றி, லைட் பற்றி, கம்ப்யூட்டரில் கிரகம் செய்வது பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் தாண்டிவிடுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கையைப் பற்றி.

அந்தக் கைக்குப் போகும் முன் ஒரு ஆட்டைக் கடக்க வேண்டும்.

முதல் படத்தை வற்றிய ஏரிக்குள் எடுத்தோம். உயிர் என்று எதுவுமே மிச்சமில்லாத ஒரு கிரகம். அதில் கடைசியாக நிற்கும் ஒரு தாய். நடித்த பெண்ணுக்கு அன்று என்னவோ உள்ளே உடைந்தது. கிளிசரின் இல்லாமல் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணீர் விழாமல் விளிம்பில் நின்றது. அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், உயிரற்ற கிரகத்தின் அடிவானத்தில், ஒரு வெள்ளாடு நிதானமாக நடந்து வந்தது.

"கட்!" என்று கத்தினேன்.

ஆட்டை விரட்டிவிட்டு மறுபடி எடுத்தோம். மறுபடி, மறுபடி. பொழுது சாயும்வரை எடுத்தோம். அந்தக் கண்ணீர் திரும்பி வரவில்லை. என் ஒளிப்பதிவாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேமராவை மூடிக்கொண்டே சொன்னார்:

"ஆட்ட கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்கலாமேயா. அந்தப் பொண்ணு கண்ணுல இருந்தத எந்தக் கம்ப்யூட்டர்ல கொண்டாருவே?"

அந்தக் கேள்வி என்னைக் குத்திய இடத்தில் ஒரு சட்டம் முளைத்தது. இனி என் படப்பிடிப்பில் என்னைத் தவிர யாரும் கட் சொல்லக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஷாட்டுக்கு நடுவே யாரும் வாய் திறக்கக் கூடாது, அடி எடுத்து வைக்கக் கூடாது. நானும் அவசரப்பட மாட்டேன். இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியான சட்டம்தான் என்று இன்றும் கொஞ்சம் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டாவது படம் நிலாவில் நடந்தது. அபிஷேகப்பாக்கத்துக்கு வெளியே, கோடை உழவு போட்டுக் காயவிட்ட ஒரு வயல். சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக, கண் எட்டும் தூரம்வரை எந்தப் பச்சையும் இல்லாமல் கிடந்தது. முதல் பார்வையிலேயே என் உடம்பு லேசாகிவிட்டது. வயல்காரர் ஏழுமலை மோட்டார் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னா சார் எடுக்கப் போறீங்க இங்க?"

"நிலாங்க."

"நெலாவா?" வயலை ஒருமுறை பார்த்தார். "மழ வந்தா உளுந்து போடலாம்னு இருந்தேன். நெலாவுல உளுந்து வருமா சார்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மழைக்கு முன்னால் முடித்துவிடுவதாகச் சொன்னேன்.

விண்வெளி உடையைச் செய்தவர் ஜாபர் பாய். வில்லியனூரில் பைப், தண்ணீர் டேப், மோட்டார் சாமான் விற்கும் கடை அவருடையது. ஆக்ஸிஜன் குழாய் மாதிரி தெரிய ஏதாவது வேண்டும் என்று நானும் கலை உதவியாளர் செல்வியும் அங்கே போய் நின்றோம். எதற்கு என்று கேட்டார். சொன்னோம். அவ்வளவுதான், மனிதருக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் ஃபில்டரின் உருளைகளை முதுகுப் பெட்டி ஆக்கினார். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறியை ஃபைபர் தலைக்கவசத்துக்குள் வைத்து, பேட்டரியில் ஓட விட்டார். கழுத்து வளையத்தில் கவசத்தைப் பிடித்து நிறுத்த, விரலால் திருகும் நான்கு நட்டுகள்.

எங்கள் கதாநாயகர் உடைக்குள் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்தார். "முகம் தெரியாத ஷாட்டுக்கு நான் எதுக்கு சார்?" என்றார். நியாயமான கேள்வி. அவர் உயரத்துக்கு வேறு ஆள் தேடினோம். ஜாபர் பாய் தொண்டையைச் செருமினார்.

"நானும் அதே ஒசரம்தான் டைரக்டரே. செஞ்சவன் நான். எனக்குத் தெரியாததா?"

கல்லாவில் இருந்த அவர் மனைவி ஷமீம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மோட்டார் ரிப்பேருக்கு ஆளு வந்து கேட்டா நான் இன்னான்னு சொல்றது? அவுரு நெலாவுக்குப் போயிருக்காரு, சாயந்தரம் வருவாருன்னா?"

"சொல்லேன். அதுல இன்னா பொய்யி இருக்குது?"

படப்பிடிப்பு அன்று காலை பாய்க்குக் கவசத்தை மாட்டும் முன் நான் தெளிவாகச் சொன்னேன். "உள்ளேருந்து பேசினா எங்களுக்குக் கேக்காது. மூச்சு முட்டினா, மயக்கமா வந்தா, கையத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவோம்." அவர் தலையாட்டினார். செல்வியும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒளிப்பதிவாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று ஷாட் நல்லபடியாக முடிந்தது.

உச்சி வெயில் தாண்டியது. கேமராவில் விழாத ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்து அடுத்த காட்சியின் தாளைப் புரட்டினேன். நிலாவில் தனித்துப்போனவன் வானத்தில் பூமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வெறுமையாக இருந்தது. தட்டினால் ஓசை வராத பானைபோல இருந்தது. பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தேன்: *மெதுவாகக் கையை உயர்த்துகிறான். பூமிக்கு விடை கொடுப்பதுபோல.* ஒளிப்பதிவாளரிடம் படித்துக் காட்டினேன். அவர் தன் முழங்கையை நீட்டினார். மயிர் சிலிர்த்திருந்தது.

நீங்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதுகிறவன் ஒரு கையை எழுதினான். இயக்குகிறவன் காலையில் ஒரு கையைப் பேசி வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்தும் அன்று சந்தித்துக்கொள்ளவே இல்லை.

பாய் அதற்குள் கவசம் மாட்டித் தயாராக நின்றார். போய்க் கத்திச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். நடக்க வேண்டும். நிற்க வேண்டும். மெதுவாகக் கையைத் தூக்க வேண்டும். புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடுகள் அசைந்தன. ரெடி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கட்டை விரலைக் காட்டினேன். அவர் நகரவில்லை. மறுபடி உதடுகள் அசைந்தன. என்ன ஆர்வம் இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டு கட்டை விரல்களையும் காட்டினேன். திரும்பி நடந்துவிட்டேன்.

ஷாட் ஓடியது.

அவர் நடந்தார். கட்டிகள் காலடியில் நொறுங்கின. நின்றார். கண்ணாடியில் பனி படிய ஆரம்பித்தது. ஒளிப்பதிவாளர் என் காதில் முணுமுணுத்தார்: "மூச்சு தெரியுதுயா… மூச்சு தெரியுது." எங்களுக்கு அது வரமாகப் பட்டது. உள்ளே விசிறி நின்றுபோயிருந்தது என்பது பிறகு தெரிந்த விஷயம்.

கை எழுந்தது. நான் எழுதியதைவிட மெதுவாக, எனக்கு எழுதத் தெரியாத ஒரு நடுக்கத்தோடு எழுந்தது. எழுந்து அங்கேயே நின்றது. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. மானிட்டர் முன்னால் நான் அழுதுகொண்டிருந்தேன். ஆடு ஞாபகம் வந்தது. இந்த முறை கெடுக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். என்னைச் சுற்றி இருபது பேர் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மூச்சுகூட விடாமல் நின்றார்கள்.

மானிட்டர் பட்டென்று இருண்டது. ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது.

"எவன்டா அது!" என்று பாய்ந்தேன். ஜெனரேட்டர் பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தார். சுவிட்சிலிருந்து அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.

"அவுரு கைய தூக்குறாருல்ல?"

"அது நடிப்புய்யா!"

"நடிப்பா?" அவருக்கு விளங்கவே இல்லை. "வயல்ல ஒருத்தன் கைய தூக்குனா மோட்டார நிறுத்துன்னுதான சார் அர்த்தம்?"

இந்தப் பக்கத்து வயல்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைக்கோடியில் தண்ணீர் ஏறியதும் அங்கே நிற்பவர் கையைத் தூக்குவார். கொட்டகையில் இருப்பவர் மோட்டாரை நிறுத்துவார். கத்தினால் கேட்காத தூரத்துக்கு அது ஒன்றுதான் பேச்சு. ஏழுமலை என் திரைக்கதையைப் படித்ததில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையில் ஒருவர் நிறுத்து என்றார். கொட்டகையில் இருந்தவர் நிறுத்தினார்.

திரை செத்த பிறகுதான் நான் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்தேன். அதுவரை பார்த்தது படத்தை. தூரத்தில், வெயிலில், ஒரு சின்ன வெள்ளை உருவம் முழங்காலிட்டிருந்தது. ஒரு கை இன்னும் மேலே. இன்னொரு கை கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

ஓடினோம். தடித்த கையுறைக்குள் இருந்த விரல்களால் அவருக்கு நட்டைப் பிடிக்க முடியவில்லை. செல்வி இரண்டைத் திருகி எடுத்தாள். மற்ற இரண்டும் புழுதி ஏறி இறுகியிருந்தன. இறுகிப்போனால் இதைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே இருந்தார். ஏழுமலை மண்வெட்டியோடு வந்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். யாருக்கும் எழுதிக் காட்டியதில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

"உடைக்காதீங்க! இன்னும் மூணு நாள் ஷூட்டிங் இருக்கு."

"யோவ்," என்றார் ஏழுமலை. அதுவரை சார் என்று கூப்பிட்டவர். "ஆளு வேணுமா, சட்டி வேணுமா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மண்வெட்டிக் காம்பால் கழுத்து வளையத்தில் ஒரே நெம்பு. சட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த முகம் வெந்த நண்டின் நிறத்தில் இருந்தது. ஏழுமலை மோட்டாரைப் போட்டார். குழாயடியில் பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது பேரும் நனைந்தோம். வண்டியில் ஏற்றும்போது பாயின் உதடுகள் மறுபடி அசைந்தன. இப்போதும் எனக்குக் கேட்கவில்லை. இப்போது கண்ணாடி இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷமீம் என் முன்னால் வந்து நின்றார். அழுது முடித்த கண்கள்.

"மூச்சு முட்டுனா கைய தூக்கச் சொன்னீங்களாமே, சார்?"

"ஆமாம்மா."

"தூக்குனாரா இல்லியா?"

"தூக்கினார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"பாத்துட்டு?"

எனக்கு வசனம் எழுதத் தெரியும் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வராந்தாவில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: "நல்லா இருக்குன்னு நெனச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் பாயின் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அதுவா? கைய தூக்கறது இப்ப நடிப்பாயிடுச்சே, அப்ப மூச்சு முட்டுனா இந்தக் கையா, அந்தக் கையான்னு கேட்டேன். நீங்க ஒரு கட்ட வெரலக் காட்னீங்க. வெளங்கல. மறுபடி கேட்டேன். ரெண்டு வெரலயும் காட்னீங்க. சரி, எந்தக் கைய தூக்குனாலும் நிறுத்துவாரு போலன்னு நெனச்சிகினேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கஞ்சி புரையேறியது. ஷமீம் ஓடிவந்து முதுகைத் தட்டினார். நான் அந்தக் கட்டிலின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரேட்டர் நின்றாலும் கேமரா தன் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது. எடிட்டருக்கு நடந்தது தெரியாது. அந்தக் கையைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "படமே இதுதான் சார்" என்றார். அவர் சொன்னது சரி. என் மூன்று படங்களிலும் உண்மையான ஷாட் அது ஒன்றுதான். ஒரு வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை. கடைசியில் அதை வெட்டி எறியச் சொன்னேன். எறிந்ததும் மனம் சுத்தமானதுபோல இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த களைப்போடு தூங்கினேன்.

படம் வந்தது. ஜாபர் பாய் மாமியார் வீட்டு ஆட்களையும் சேர்த்து ஒரு வேன் பிடித்து தியேட்டருக்கு வந்தார். இடைவேளையில் என்னைத் தேடி வந்து, "இன்னும் வரல போல?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்து, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். படம் முடிந்து வாசலில் எல்லோரும் நிற்க, அவர் தனியாக என்னிடம் வந்தார்.

"என் கை எங்க டைரக்டரே?"

"எடுத்துட்டேன், பாய். மனசு கேக்கல. வருத்தமா இருந்துது."

"வருத்தம் உங்களுது. கை என்னுதாச்சே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

வேன் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

இரண்டாவது முறையும் நான் அவரைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. முதல் முறை நடுவில் கண்ணாடி இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது படத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதில் யாராவது தும்மினாலும் கட் சொன்னேன். ஒரு நடிகை மூச்சை இழுத்துவிட்டால் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். பயம் எடுத்த படம் அது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. வானத்தைப் பார்த்துக் கதை யோசித்த கழுத்து வலிக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல ஏதாவது இருந்தால் இதுதான். கட் சொல்லும் உரிமையை ஒரே ஆள் மடியில் கட்டிவைக்காதீர்கள். டீ கொண்டுவருபவருக்கும் கொடுங்கள், வயல்காரருக்கும் கொடுங்கள். ஆடு வந்ததற்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும். நல்ல ஷாட் போகும். எனக்கும் போயிருக்கிறது, அந்த வலி பொய்யில்லை, அது ஆறும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஸ்பாட்டில் திரைக்கதையை மாற்றுங்கள், மாற்றாமல் இருக்க முடியாது. ஆனால் மாற்றிய வரியை உடைக்குள் இருப்பவரிடம் கவசம் மாட்டும் முன் படித்துக் காட்டுங்கள். மாட்டிவிட்டாரா, கழற்றச் சொல்லிப் படியுங்கள். ஒளி போனால் போகட்டும்.

ஏழுமலை அந்த வருடம் மழைக்கு உளுந்து போட்டார். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். நிலா முழுக்கப் பச்சையாக இருந்தது.

நீங்கள் போன மறுநாள் நான் வில்லியனூருக்குப் போனேன். விண்வெளி உடை யார் செய்வார்கள் என்று கேட்டீர்களே, அதற்காக. பாயின் கடைக்குள் போக இன்னொரு காரணமும் என் சட்டைப் பையில் இருந்தது.

பாயின் தாடி நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஒரு காகிதத்தை இழுத்து வரைய ஆரம்பித்துவிட்டார். "நட்டே வேணாம். வெளிய இருக்கறவன் ஒரே இழுப்புல தொறக்கற மாரி கொக்கி. உள்ள இருக்கறவனுக்கு ஒரு பட்டன், அமுக்குனா வெளிய லைட் எரியணும், செவப்பா. கைய கிய தூக்கற வேலையே கெடையாது." பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "ஆமா, உள்ள ஆளு யாரு?"

"நீங்க இல்ல," என்றார் ஷமீம், கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் ஃபோனை எடுத்தேன். வெட்டிய அந்த ஷாட்டை எடிட்டர் எறியவில்லை. பத்திரமாக வைத்திருந்து அனுப்பியிருந்தார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஷமீம் பின்பக்கம் போய் டேப்புகளைத் துடைக்கிறவர்போல முதுகைக் காட்டி நின்றார். சின்னத் திரையில் கை எழுந்தது. நின்றது. விரல்கள் விரிந்தன, மூடின. பாய் மறுபடி ஓட விடச் சொன்னார். மறுபடி.

"நல்லாத்தான் தூக்கியிருக்கேன்," என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நிறுத்துன்னுதான் சொல்றேன். பாத்தாலே தெரியுதே, டைரக்டரே," என்றார்.

"தெரியுது, பாய்."

"அப்பத் தெரியல."

"தெரியல."

அதை அவருக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன், வண்டியைக் கிளப்பினேன். உஸ், உஸ் என்று மிருகம் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. கடை வாசலில் நின்று பாய் ஏதோ சொன்னார். உதடுகள் அசைந்தன. என் கட்டை விரல் தானாக எழுந்தது.

எழுந்த விரலைப் பார்த்தேன். வண்டியை அணைத்தேன். வாரைக் கழற்றி, ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா சொன்னீங்க, பாய்?"

"சைடு ஸ்டாண்ட எடுத்துட்டுப் போங்கன்னேன், டைரக்டரே."